ஆர்க்டிக் பனியில் பிளாஸ்டிக் எண்ணிய முறையை இரணைமடுப் பக்கத்து மண்ணில் செய்யலாமா?

நீர்முள்ளி (கிளிநொச்சி):

வணக்கம். நான் விவசாய பீடத்தில் இறுதியாண்டு. ஆய்வுத் தலைப்புக் கொடுக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. நுண்பிளாஸ்டிக்கில்தான் (5 மில்லிமீற்றருக்குச் சிறிய பிளாஸ்டிக் துணிக்கைகள்) செய்யவேண்டும் என்று முதலாம் ஆண்டிலிருந்தே ஆசை, அதனால் கையில் கிடைத்த கட்டுரைகளை எல்லாம் இறக்கி வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசிக்க வாசிக்கக் கேள்விதான் கூடுகிறது.

ஜேர்மனியின் துருவ ஆய்வு நிறுவனமான அல்பிரட் வெகனர் நிறுவனத்து மெலனி பேர்க்மன் குழு 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறது. கிரீன்லாந்துக்கும் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் நடுவிலுள்ள ஃபிராம் நீரிணையில் மிதக்கிற பனிப்பாளங்களின்மேல் கிடந்த பனியை அள்ளி, உருக்கி, வடித்துப் பார்த்திருக்கிறார்கள். உருகிய நீரில் லீற்றருக்கு 14,400 துணிக்கைகள் வரை. ஊர் இல்லை, சந்தை இல்லை, வீதி இல்லை. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

அதைவிட என்னைக் குடைகிற கேள்வி ஒன்று இருக்கிறது. அள்ளப் போனவர்கள் கப்பலில் போனவர்கள். கப்பலுக்குப் பெயின்ற் அடித்திருக்கும், கயிறு நைலோன், உடுத்திருக்கிற குளிர் அங்கி பெரும்பாலும் பொலியெஸ்டர். தங்களிடமிருந்து உதிர்ந்ததையே எண்ணிவிட்டு வரவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் நான் இங்கே ஒரு போத்தல் தண்ணீரைக்கூட அள்ள விரும்பவில்லை.

நான் செய்ய நினைப்பது இதுதான். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து ஏ9 வீதியோடு ஒட்டினாற்போல வடக்கே வந்து இரணைமடுக் குளத்தில் விழுகிறது, அங்கிருந்து வாய்க்கால் வழியே வயலுக்கும் மிச்சம் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்கும் போகிறது. இந்தப் பாதையில் நீரையோ மண்ணையோ எடுத்துப் பார்க்கவேண்டும். எதை எடுப்பது? ஆர்க்டிக்கில் செய்த முறை இங்கே சரிவருமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் வாசிப்பேன்.

பாலையடி (வவுனியா):

தங்கச்சி, கேட்கவேண்டிய கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் நீர் மாதிரிகள் பார்க்கிற ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் போன வழி. ஒன்றல்ல, பல. காற்று பெரிய வழி. மகரந்தமும் சகாரா மணல்தூசும் வடதுருவப் பக்கம் வரை காற்றோடு போகிறது என்பது பழைய செய்தி, அதே அளவுள்ள பிளாஸ்டிக் போகாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. பிரான்ஸில் பிரெனீஸ் மலையில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு இடத்தில் தட்டு வைத்துப் பிடித்துப் பார்த்தபோது சதுர மீற்றருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 365 துணிக்கை விழுந்தது, அதுவும் 2019இல் வந்த ஆய்வுதான். ரயர் தேய்ந்து வருகிற தூளும் பிரேக் தூளும் காற்றில் ஆர்க்டிக் வரை போகும் என்று 2020இல் கணித்துக் காட்டினார்கள். நீங்கள் சொன்ன பேர்க்மன் கட்டுரையில் பனியில் அதிகம் இருந்தவற்றில் பெயின்ற், வார்னிஷ் வகைப் பூச்சுகளும் இறப்பரும் உண்டு. பொலித்தீன் பை மட்டும்தான் பிளாஸ்டிக் என்று நினைக்கிற எல்லாரும் அந்தப் பகுதியை ஒருதரம் வாசிக்கவேண்டும்.

அடுத்தது கடல். அத்திலாந்திக்கின் சூடான நீரோட்டம் வடக்கே நோர்வே பக்கமாக ஏறி பேரன்ட்ஸ் கடலுக்குள் போகிறது, மேலே மிதந்து வந்த பிளாஸ்டிக் அங்கே போய்த் தேங்கிவிடுகிறது என்று 2017இல் எழுதினார்கள். பிறகு ஆறுகள். உலகக் கடல்நீரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் ஆர்க்டிக் கடல், ஆனால் உலக ஆற்றுநீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதற்குள் விழுகிறது. ஓப், யெனிசேய், லேனா என்று சைபீரியாவின் பெரிய ஆறுகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன. கடல்நீர் உறையும்போது அதிலிருந்த துணிக்கையும் பனிக்கட்டிக்குள் அகப்பட்டுவிடும், அந்தக் கட்டி நீரோட்டத்தோடு நகர்ந்து வேறு எங்கோ போய் உருகி அங்கே கொட்டும். ஆக ஒரு இடத்துப் பனிக்கட்டியில் இருப்பது அந்த இடத்து அழுக்குத்தான் என்று சொல்ல முடியாது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. அவர்களிடமிருந்தும் உதிரும், கட்டாயம் உதிரும். அதை மறைக்காமல் அளந்து காட்டுவதுதான் இந்தத் துறையில் நேர்மை. அதற்கு ‘வெற்று மாதிரி’ எடுப்பார்கள். பிளாஸ்டிக் இல்லை என்று உறுதிசெய்த வடித்த நீரை, பனி அள்ளிய அதே பாத்திரத்தில், அதே இடத்தில், அதே நேரம் திறந்து வைத்து, ஆய்வுகூடத்தில் அதே படிகள் எல்லாவற்றுக்கும் உட்படுத்தி, கடைசியில் அதற்குள் எத்தனை துணிக்கை என்று எண்ணுவார்கள். அது நாம் கொண்டுபோய்ப் போட்டது. மாதிரியில் வந்தது அதைவிடத் தெளிவாகக் கூட இருந்தால்தான் பேசலாம். எவ்வளவு கூட என்பதற்கும் கணக்கு உண்டு, வெற்று மாதிரிகளின் சராசரியோடு நியம விலகலின் மூன்று மடங்கைக் கூட்டி அதற்கு மேல் வந்ததையே கண்டதாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

மற்றதெல்லாம் ஒழுங்குதான். உலோகக் கரண்டி, கண்ணாடி அல்லது உருக்குப் பாத்திரம். காற்று வருகிற பக்கம் பார்த்து நின்று அள்ளவேண்டும், நம் உடுப்பிலிருந்து பறப்பது பின்னால் போய்விடும். கப்பலுக்குக் கிட்ட அள்ளக்கூடாது, பொலார்ஸ்டேர்ன் கப்பலில் போனவர்கள் ஹெலியில் பனிப்பாளத்துக்குப் போய் இறங்கியே எடுத்தார்கள். கப்பலின் பெயின்ற், கயிறு, போட்டிருந்த அங்கியின் நூல் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு எடுத்துவந்து செங்கீழ்க் கதிரில் (இன்ஃப்ராரெட்) அவற்றின் நிறமாலையையும், அதாவது ஒவ்வொரு பொருளும் அந்தக் கதிரை உறிஞ்சுகிற கோலத்தையும், பதிந்து வைக்கலாம், மாதிரியில் அதே நிறமாலை வந்தால் சந்தேகப்பட்டு ஒதுக்கலாம். ஆய்வுகூடத்துக்குள் பருத்தி அங்கி, அதுவும் கண்ணைக் குத்துகிற ஒரு நிறத்தில். வடிதாளில் அந்த நிற நூல் வந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

கடைசியாக எண்ணிக்கை பற்றி, இது எல்லாவற்றையும்விட முக்கியம். 2014இல் றேச்சல் ஒபார்ட் குழு ஆர்க்டிக் கடற்பனிக்கட்டியில் கன மீற்றருக்கு 38 முதல் 234 வரை என்றது. 2018இல் இல்கா பீக்கன் குழு அதே ஆர்க்டிக் கடற்பனிக்கட்டியில் கன மீற்றருக்கு 1 கோடி 20 இலட்சம் வரை என்றது, லீற்றருக்கு 12,000. நாலு வருடத்தில் ஆர்க்டிக் அவ்வளவு கெட்டுப்போகவில்லை. முதல் குழு கண்ணுக்குப் பிளாஸ்டிக் போலத் தெரிந்ததை நுணுக்குக்காட்டியின் கீழ் பொறுக்கிப் பார்த்தது, இரண்டாவது குழு வடிதாள் முழுவதையும் செங்கீழ்க் கதிரால் வருடி 11 மைக்ரோமீற்றர் (ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை சிறியதையும் எண்ணியது, கிடைத்ததில் பாதிக்கு மேல் 50 மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவை. கண் சிறிய வலை போட்டவனுக்குத்தான் கூனி இறால் படும். ஆகவே எத்தனை என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், எந்த அளவு வரை பார்த்து எண்ணினேன் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அது இல்லாத எண்ணிக்கையை நான் வாசிப்பதே இல்லை.

வடகரை (ஃபின்மார்க், நோர்வே):

நான் முல்லைத்தீவு. இங்கே வட நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை. 80களிலிருந்தே இந்தக் கரைகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள், அதனால் ஆர்க்டிக் என்பது எங்களுக்குப் படத்தில் பார்க்கிற இடம் இல்லை, வேலைக்குப் போய்வருகிற இடம்.

பாலையடி சொன்ன நீரோட்டம் எங்கள் வாசலால்தான் போகிறது. கரையில் போய் நின்று பார்த்தால் வலைத்துண்டு, கயிற்றுத்துண்டு, மீன்பெட்டி உடைந்தது, இவைதான் கூட. இழுவைப் படகுகளில் வலையின் அடி கடலடியில் உராய்ந்து கிழியாமல் இருக்க பொலித்தீன் நூல்களைக் குஞ்சம் குஞ்சமாகக் கட்டிவிடுவார்கள், தேய்ந்து கொட்டுவதற்காகவே கட்டுகிற நூல் அது. ஸ்வால்பார்ட் கரைகளிலும் ஒதுங்குவதில் பெரும்பங்கு மீன்பிடிச் சாமான்தான். எனவே எல்லாம் எங்கோ தெற்கே நகரங்களிலிருந்து வருகிறது என்று மட்டும் சொன்னால் அது பாதிதான். வடக்கே இருக்கிறவர்களும் போடுகிறோம்.

உடுப்புத் தோய்ப்பதையும் சொல்லவேண்டும். ஸ்வால்பார்டின் லோங்யியர்பியனில் ஏறத்தாழ 2,500 பேர்தான், ஆனால் வருடம் முழுக்கக் குளிர் அங்கி, கம்பளி, பொலியெஸ்டர். அந்த ஊர்க் கழிவுநீரை நீண்ட காலமாகச் சுத்திகரிக்காமலே கடலுக்குள் விட்டார்கள், அதில் நார் எவ்வளவு போகிறது என்று ஆய்வாளர்கள் எடுத்து எழுதியிருக்கிறார்கள். 2021இல் பீற்றர் றொஸ் குழு ஐரோப்பிய, வட அமெரிக்க ஆர்க்டிக்கில் வடதுருவம் உட்பட 71 இடத்தில் மேல்நீரை எடுத்துப் பார்த்ததில் செயற்கை நார்களில் 73 வீதம் பொலியெஸ்டர். கிழக்குப் பக்கம் மேற்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு துணிக்கை, அதாவது அத்திலாந்திக் நீர் நுழைகிற பக்கம்.

பிறகு பறவை. இங்கே ஃபுல்மார் என்று ஒரு கடற்பறவை, மேற்பரப்பில் மிதப்பதை எல்லாம் கொத்தி விழுங்கும். வட கடல் நாடுகள் அதன் வயிற்றை வைத்தே கடல் அழுக்கை அளக்கின்றன. நூறு பறவையில் பத்துக்கு மேல் வயிற்றில் 0.1 கிராமுக்குக் கூடப் பிளாஸ்டிக் இருக்கக்கூடாது என்பது இலக்கு. ஸ்வால்பார்டில் 40 பறவையைப் பார்த்தபோது 87.5 வீதத்தில் பிளாஸ்டிக் இருந்தது, 22.5 வீதம் அந்த 0.1 கிராமைத் தாண்டியிருந்தது. அவ்வளவு வடக்கிலும். இந்தப் பறவை கடலில் தின்று பாறையில் எச்சமிடும், அந்த எச்சத்தோடு பிளாஸ்டிக் தரைக்கு வந்துவிடுகிறது. தங்கச்சி மண்ணைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், ஆர்க்டிக் மண்ணுக்குக் காற்றும் பனியும் மட்டும் வழி இல்லை. சுண்டிக்குளத்திலும் கொக்கிளாயிலும் நீர்ப்பறவை அவ்வளவு கூடுகிறதே, அதையும் யோசித்துப் பாருங்கள்.

மேற்படிப்புக்கு இந்தப் பக்கம் வருகிற எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை, 1920 உடன்படிக்கை அப்படி. ஆனால் போகிற வழி நோர்வே, அதற்கு ஷெங்கன் விசா வேண்டும், போகவும் திரும்பவும் என்று இரண்டு நுழைவுக்கு எடுக்கவேண்டும். இது தெரியாமல் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

கமத்தான் (அக்கராயன்):

பிள்ளை, நான் படித்தவன் இல்லை, வயல் செய்கிறவன். வாசித்தேன். ஆர்க்டிக்கில் எத்தனை என்பது எனக்கு இரண்டாவது. எங்கள் மண்ணில் என்ன கிடக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்லவேண்டும் என்று நான் கனகாலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் காணிகளின் கதை வேறு. இடம்பெயர்ந்த காலங்களில் சனம் முழுக்கத் தறப்பாளுக்குக் கீழே இருந்தது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோதும் கொட்டில் தறப்பாள்தான், வேலி தறப்பாள், குளிக்கிற மறைப்பும் தறப்பாள். வெயிலில் இரண்டு வருடம் கிடந்தால் அது கையில் எடுக்க மாவாய் உதிரும். உதிர்ந்தது எங்கே போனது? அந்தக் காணியிலேதான். பதுங்குகுழிக்கு அடுக்கிய மண்மூட்டை எல்லாம் உரப்பை, அதுவும் அப்படியே நூல் நூலாகப் பிரிந்து மண்ணுக்குள் கிடக்கிறது, உழுகிற நேரம் கலப்பையில் சுற்றிக்கொண்டு வரும். இதெல்லாம் நாங்கள் விரும்பிப் போட்டது இல்லை. உயிரைக் காப்பாற்றிய சாமான், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் மண்ணில் இருக்கிறது.

இப்போது மிளகாய்க்கும் பப்பாசிக்கும் மண்ணை மூடக் கறுப்புப் பொலித்தீன் விரிக்கிறார்கள், சொட்டுநீர்க் குழாய், நாற்றுத் தட்டு, எலிக்கும் பன்றிக்கும் மினுங்கல் நாடா. பயிர் முடிய அதை முழுதாகச் சுருட்டி எடுக்கிறவர்கள் குறைவு. மிச்சத்தை அங்கேயே கொளுத்துகிறார்கள். குளத்து வண்டலை அள்ளி வயலில் போடுகிற பழக்கமும் இருக்கிறது, குளத்தில் படிந்தது அப்படியே வயலுக்கு வரும். ஆகவே நான் கேட்டால் மண்ணைத்தான் எடுக்கச் சொல்வேன்.

என் கேள்வி ஒன்றுதான். இது நெல்லுக்குள் போகுமா?

எடுக்கப் போகிற காணியில் முந்தி என்ன இருந்தது, கொட்டில் எந்தப் பக்கம், முகாம் இருந்ததா என்று அங்கே இருக்கிற பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். கண்ணிவெடி அகற்றி முடிக்காத பகுதி என்று பலகை போட்ட இடத்துக்கோ பற்றை பிடித்துக் கிடக்கிற காணிக்கோ ஒரு சிரட்டை மண்ணுக்காகவும் போகவேண்டாம். உழுது பயிர் செய்கிற காணி போதும். என் வயலில் எடுக்கலாம்.

நீர்முள்ளி (கிளிநொச்சி):

எல்லாருக்கும் நன்றி. கமத்தான் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், எங்கள் காணியில் கொட்டில் போட்ட இடத்தை அவ உடனே சொன்னா.

மண் என்றே முடிவெடுக்கப் பார்க்கிறேன். ஆனால் பயம் இரண்டு. பாலையடி அண்ணா, எங்களிடம் நல்ல நுணுக்குக்காட்டி இருக்கிறது, உலர்த்தும் அடுப்பு இருக்கிறது, வடிகட்டும் தொகுதி இருக்கிறது, செங்கீழ் நிறமாலைக் கருவியில் நேரம் கிடைத்தாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். வயல் மண்ணில் வைக்கோல், வேர், பூச்சிச் சிறகு என்று என்னவெல்லாமோ இருக்கும், அதற்குள் பிளாஸ்டிக்கை எப்படிப் பிரிப்பது? மற்றது, ஆர்க்டிக் மண்ணில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

பாலையடி (வவுனியா):

ஆர்க்டிக் மண்ணில் பெரிய தலையிடி உக்காத தாவரப் பொருள். குளிரில் எதுவும் விரைவாக உக்குவதில்லை, பல இடத்தில் மண்ணே கறுப்பாகப் பஞ்சுபோல் இருக்கும். அதைக் கரைத்து எடுப்பதிலேயே பாதி வேலை போய்விடும். இரண்டாவது, கோடையில் மேல்மண் உருகி மாரியில் உறைந்து திரும்பத் திரும்ப விரிந்து சுருங்குவதால் மண் தானாகவே மேலும் கீழும் புரள்கிறது, மேலே விழுந்தது மேலேயே இருக்கும் என்று நம்பி ஆழத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது. இங்கே உறைபனி இல்லை, ஆனால் மன்னார் முருங்கன் பக்கத்துக் களிமண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, மேலே கிடப்பது அந்த வெடிப்பால் ஒரேயடியாக ஆழத்துக்கு விழும். உழுத வயலிலும் அப்படித்தான். எனவே ஆழம் பார்த்து வருடம் சொல்ல முயலவேண்டாம். மேல் 10 சென்ரிமீற்றரைக் கலந்து எடுங்கள், அது போதும்.

முறை இதுதான். மண்ணை 50 பாகைக்குக் கூடாத சூட்டில் உலர்த்துங்கள், கூடினால் சில பிளாஸ்டிக் உருமாறிவிடும். 5 மில்லிமீற்றர் உலோகச் சல்லடையில் சலியுங்கள், நுண்பிளாஸ்டிக் என்பதன் மேல் எல்லை அதுதான். பிறகு 30 வீத ஐதரசன் பரஒட்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வைக்கோல், வேர் எல்லாவற்றையும் கரையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் தானாகச் சூடேறிப் பொங்கி முகத்தில் அடிக்கும், கண்ணாடியும் கையுறையும் போட்டு பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை இது.

அடுத்தது மிதக்கவிடுவது. எல்லாரும் நிறைவுற்ற உப்புக் கரைசல்தான் தொடங்குவார்கள், மலிவு, ஆபத்தில்லை, அடர்த்தி 1.2 (நீருக்கு 1). பொலித்தீன் 0.91 முதல் 0.97, பொலிபுரொப்பிலீன் 0.9, ரெஜிபோம் செய்கிற பொலிஸ்தைரீன் 1.05. இவை எல்லாம் மேலே வந்துவிடும். தறப்பாளும் உரப்பையும் இதில் அடக்கம், ஐயா சொன்னதைப் பார்க்க உப்பே போதும். ஆனால் பொலியெஸ்டர் நார் 1.38, பீவீசீ குழாய் கிட்டத்தட்ட 1.4, இரண்டும் அடியில் மண்ணோடு கிடக்கும். உப்பு மட்டும் பாவித்துவிட்டு, எங்கள் மண்ணில் பொலியெஸ்டர் நார் குறைவு என்று எழுதினால் அது முற்றிலும் தவறான முடிவு. நார் வேண்டுமானால் சிங்க் குளோரைட்டுக் கரைசல் செய்யலாம், 1.6 வரை அடர்த்தி வரும். அது தோலை அரிக்கும், மீனுக்கு நஞ்சு. வடித்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், கடைசியில் ஒரு சொட்டுக்கூட வாய்க்காலுக்குள் விடக்கூடாது.

மேலே வந்ததைக் கண்ணாடி நார் வடிதாளில் வடித்து நைல் றெட் சாயம் போட்டு, நீல ஒளியில் செம்மஞ்சள் வடியால் பாருங்கள், பிளாஸ்டிக் மினுங்கும். தாவரக் கொழுப்பும் மினுங்கும், அதனால்தான் முதலே கரைக்கச் சொன்னேன். சாயம் பிடிக்காததும் உண்டு, கறுப்பு ரயர் தூள் இதில் தெரியாது, அதிலுள்ள கரி ஒளியை விழுங்குவதால் செங்கீழ்க் கதிரிலும் சரியாக அகப்படாது. ஏ9 வீதிக்குப் பக்கத்து மண்ணை எடுத்தால் இந்தக் குறையைக் கட்டாயம் எழுதுங்கள். கருவியில் கிடைக்கிற நேரத்துக்கு எல்லாத் துணிக்கையையும் பார்க்க முடியாது, ஒவ்வொரு வடிதாளிலிருந்தும் ஒரு பங்கை முன்கூட்டியே ஒழுங்கு வைத்து எடுத்துப் பாருங்கள், வடிவாகத் தெரிவதை மட்டும் பொறுக்கவேண்டாம்.

நூலைப் பற்றி இன்னொன்று. நூல் என்றால் உடனே பிளாஸ்டிக் இல்லை. 2020இல் உலகக் கடல்களில் எடுத்த நார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 8.2 வீதம்தான் செயற்கை, மிச்சம் பருத்தி, கம்பளி போன்றவை, சாயம் போட்டவையும் உட்பட. கண்ணால் பார்த்து எண்ணினவர்கள் இவ்வளவையும் பிளாஸ்டிக் என்றே போட்டிருப்பார்கள்.

மீட்பையும் பாருங்கள். சிவப்பு நிறப் பிளாஸ்டிக் வாளி ஒன்றைச் சுரண்டி எண்ணிய துண்டுகளை எடுத்து, சுத்தம் செய்த மண்ணில் கலந்து, முழு முறையையும் செய்து, எத்தனை திரும்பி வருகிறது என்று பாருங்கள். நூறு போட்டு அறுபதுதான் வந்தால் அதையும் எழுதவேண்டும். வெற்று மாதிரியும் மீட்பும் இரண்டும் இருந்தால் உங்கள் ஆய்வை எந்த நாட்டுக்காரனும் நின்று வாசிப்பான்.

கமத்தான் ஐயா, நெல் பற்றிக் கேட்டீர்கள். 2020இல் சீன ஆய்வாளர்கள் கோதுமையையும் லெற்றூசையும் வைத்துப் பார்த்தார்கள். பக்கவேர் தோலை வெடித்துக்கொண்டு வெளியே வருகிற இடத்திலுள்ள சிறு இடைவெளியால் மிகச் சிறிய துணிக்கை உள்ளே போய், நீர் ஏறும் வழியால் மேலே தண்டுக்கும் போனது. அது ஆய்வுகூடத்தில் அவர்களே துணிக்கை கலந்து கொடுத்தபோது நடந்தது, துணிக்கையும் 2 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவும். தறப்பாள் துண்டு அப்படியே வேருக்குள் போகாது, உதிர்ந்து உதிர்ந்து அந்த அளவுக்கு வந்தால் வழி இருக்கிறது. வயலில் எவ்வளவு என்பதைத்தான் இந்தப் பிள்ளை போன்றவர்கள் தொடங்கிப் பார்க்கவேண்டும்.

ஈச்சங்காடு (முள்ளியவளை):

நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். சுருக்கமாக ஒன்று. ஆர்க்டிக் எண்ணிக்கையையும் இரணைமடு எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட ஆசை வரும் தங்கச்சி, வேண்டாம். அவர்கள் 11 மைக்ரோமீற்றர் வரை பார்த்தது உருகிய பனி, லீற்றருக்கு. நீங்கள் பார்ப்பது உலர்மண், கிலோவுக்கு, அதுவும் நுணுக்குக்காட்டியில் நம்பி எண்ணக்கூடியது 100 மைக்ரோமீற்றருக்கு மேல்தான் இருக்கும். அந்த ஆர்க்டிக் பனியில் மிகப் பெரும்பங்கு 100க்குக் கீழே. ஒப்பிடவேண்டியது உங்கள் இடங்களை உங்கள் இடங்களோடு. முகாம் இருந்த காணி, பொலித்தீன் விரிக்கிற தோட்டம், இரண்டும் இல்லாத வயல் என்று எடுத்தால் அதிலேயே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. எந்த மாதிரி எந்தக் காணி என்று எண்ணுகிறவருக்குத் தெரியாமல் இலக்கம் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் முகாம் காணி மண்ணைப் பார்க்கும்போது கண் தானாகவே கூடத் தேடும்.

நீர்முள்ளி (கிளிநொச்சி):

மிஸ், இலக்கம் போடுகிற விஷயத்தை நான் யோசித்தே இருக்கவில்லை, என் தோழி போட்டுத் தருவா. மூன்று வகைக் காணி என்றே எழுதிக் கொடுக்கிறேன். உப்பில் முதலில் மிதக்கவிட்டு, அடியில் மிஞ்சிய மண்ணை சிங்க் குளோரைட்டில் இரண்டாம் தரம் விடலாம் என்று நினைக்கிறேன். அப்போது சிங்க் குளோரைட்டும் குறைவாகச் செலவாகும், தறப்பாள் வகையும் நார் வகையும் தனித்தனியாக வரும். அண்ணா, இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

கமத்தான் ஐயா, உங்கள் வயலில் எப்போது எடுக்க வரலாம்?

பாலையடி (வவுனியா):

பிழை இல்லை, நல்ல யோசனை. இரண்டுக்கும் நடுவில் மண்ணை நன்றாகக் கழுவி உப்பை எடுங்கள். வெற்று மாதிரியையும் இரண்டு படியாலும் கொண்டுபோகவேண்டும். மண் அள்ளப் பிளாஸ்டிக் பை வேண்டாம், பிஸ்கட் ரின் அல்லது கண்ணாடிப் போத்தல், மூடிக்குக் கீழே அலுமினியத் தாள்.

கமத்தான் (அக்கராயன்):

புரட்டாதிக்குள் வாங்கோ. பிறகு முதல் மழை விழுந்தால் காலபோகத்துக்கு உழுதுவிடுவோம், மண் எல்லாம் புரண்டுவிடும். தறப்பாள் கொட்டில் இருந்த மூலையை நான் காட்டுகிறேன், பக்கத்துக் காணிக்காரரிடமும் சொல்லி வைக்கிறேன், அவர் அங்கே மிளகாய்க்குப் பொலித்தீன் விரித்தவர்.